சம்பளம் வாங்காத காவல்காரர்கள்

நெல் விளையும் ஊர்களில் மளிகைக் கடை நடத்துபவர்களின் பற்று வரவு நோட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் விளங்கும். நடவு தொடங்கும் மாதத்தில் பாக்கி ஏறத் தொடங்கும். களை எடுக்கும் காலத்தில் இன்னும் ஏறும். அறுவடை முடிந்து, நெல் விலை போய், பணம் கைக்கு வந்த பிறகுதான் இறங்கும். சம்சாரி கடனைத் தீர்ப்பது அவர் மனசை மட்டும் பொறுத்ததல்ல, வயல் விளைவதையும் பொறுத்தது. மொத்த வியாபாரிக்கும் இதே கதைதான். விளைச்சல் குறைந்த ஆண்டில் அரிசி விலை ஏறினாலும், கடன் கொடுத்த இடத்தில் பணம் நின்றுவிட்டால் அந்த விலையால் நமக்கு என்ன பிரயோசனம்?

ஆகவே வயலில் நடப்பது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் அல்ல. வயலுக்குள் இறங்கி, நெற்பயிரின் அடியில் இருக்கும் பூச்சிகளையும் சிலந்திகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் சிலர் உண்டு. அவர்கள் கண்டுபிடித்தது விவசாயிகளுக்கு மட்டுமல்ல, விவசாயியை நம்பிக் கடை வைத்திருக்கும் நமக்கும் பயன்படக் கூடியது. அந்த ஆராய்ச்சிகள் நடந்தது பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும். ஆனால் பயிர் நெல்தான். பூச்சியும் நம் சம்சாரிகளுக்கு நன்றாகத் தெரிந்த புகையான்தான். அதனால் அந்த அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புகையானின் கூட்டு வட்டி

புகையான் என்பது பழுப்பு நிறமான ஒரு தத்துப்பூச்சி. கடுகை விடப் பெரிது, சீரகத்தை விடச் சிறிது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பயிரின் அடித்தண்டில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். எண்ணிக்கை கூடிவிட்டால் பயிர் வட்டம் வட்டமாகப் பழுத்துக் காய்ந்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் வயலில் தீப்பிடித்துப் புகைந்து அணைந்தது போல இருக்கும். சில வைரஸ் நோய்களையும் இது ஒரு பயிரிலிருந்து இன்னொரு பயிருக்குக் கொண்டு போகும்.

இதன் பலம் இனப்பெருக்கத்தில் இருக்கிறது. ஒரு பெண் பூச்சி 200 முட்டை, அதற்கு மேலும் வைக்கும். ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். 200-ல் பாதி பெண் என்று வைத்தாலும் 100 பெண் பூச்சி. அவை ஒவ்வொன்றும் 200 முட்டை வைத்தால் இரண்டாம் தலைமுறையில் 20,000. ஒரு போகத்தில் இப்படி மூன்று தலைமுறை வரை வரலாம். இதற்கு முன்னால் நாம் பார்த்த கூட்டு வட்டி எல்லாம் ஒன்றுமே இல்லை.

அப்படியானால் எல்லா வயலும் எல்லா ஆண்டும் கருகிப் போயிருக்க வேண்டுமே, ஏன் போகவில்லை? இந்தப் பூச்சி புதியதல்ல. ஆனால் 1960-களுக்கு முன்பு வெப்ப நாடுகளின் நெல் வயல்களில் இதைப் பெரிய எதிரியாக யாரும் கருதவில்லை. 1970-களில்தான் பல நாடுகளில் திடீரென்று தலை தூக்கியது. அதுவரை இதை அடக்கி வைத்திருந்தது எது, பிறகு அந்த அடக்குமுறை எங்கே போனது என்பதுதான் கேள்வி.

இந்தோனேசியா கொடுத்த விலை

அந்தக் காலத்தில் இந்தோனேசியா உலகச் சந்தையில் மிக அதிகமாக அரிசி வாங்கும் நாடு. சொந்தமாக விளைவிக்க வேண்டும் என்று அரசாங்கம் முனைந்தது. பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ் என்ற ஊரில் 1960-ல் தொடங்கப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் ஐ.ஆர்.8 என்ற ரகத்தை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து வந்த குட்டை ரகங்கள், ரசாயன உரம், பாசனம், பூச்சி மருந்து எல்லாவற்றையும் ஒரே கட்டாக விவசாயிகளுக்கு இந்தோனேசிய அரசு கொடுத்தது.

பூச்சி மருந்துக்கு மானியம் மிக அதிகம். ஒரு கட்டத்தில் விலையில் 100-க்கு 80 பங்குக்கு மேல் அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. அதற்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவானது. வியாபாரிகளாகிய நமக்கு இதன் விளைவு சொல்லாமலே புரியும். ஒரு ரூபாய்ச் சரக்கை இருபது காசுக்குக் கொடுத்தால் வாங்குபவர் தேவையைப் பார்த்து வாங்க மாட்டார். இருக்கட்டும் என்று வாங்குவார். வாங்கி வைத்ததை அடித்தும் விடுவார். பூச்சி இருக்கிறதா என்று பார்த்து அடிக்காமல், நாள்காட்டியைப் பார்த்து அடிப்பது அங்கே வழக்கமாயிற்று.

1976, 1977 ஆண்டுகளில் புகையான் அங்கே நாலரை லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரவியது. மூன்றரை லட்சம் டன்னுக்கு மேல் அரிசி நஷ்டம் என்றும், அது 30 லட்சம் பேருக்கு ஓர் ஆண்டுச் சாப்பாடு என்றும் கணக்கிட்டார்கள். புகையானைத் தாங்கும் ரகங்கள் கொண்டு வரப்பட்டன. 1973-ல் வெளிவந்த ஐ.ஆர்.26 அப்படிப்பட்ட ரகம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பூச்சி அந்த ரகத்துக்கும் பழகிவிட்டது. பிறகு 1976-ல் வந்த ஐ.ஆர்.36 கை கொடுத்தது. விளைச்சல் பெருகி 1984-ல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு அடைந்தது. ஆனால் 1985, 1986-ல் ஜாவா தீவில் புகையான் மறுபடியும் கிளம்பியது. பத்தாண்டு பாடுபட்டுக் கிடைத்த தன்னிறைவு ஒன்றிரண்டு போகத்தில் போய்விடுமோ என்ற நிலைமை.

மருந்து அடித்த வயலில்தான் பூச்சி அதிகம்

இதற்கு விடை ஏற்கெனவே லாஸ் பான்யோஸ் வயல்களில் கிடைத்திருந்தது. 1970-களின் கடைசியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவராக அங்கு வந்தவர் பீட்டர் கென்மோர் என்ற அமெரிக்கர். அவர் எடுத்துக்கொண்ட வேலை பார்ப்பதற்கு மிக எளியது. மருந்து அடித்த வயல், அடிக்காத வயல் இரண்டிலும் பயிரின் அடியில் உள்ள புகையானையும், அதைத் தின்னும் மற்றப் பூச்சிகளையும் சிலந்திகளையும் நடவு முதல் அறுவடை வரை திரும்பத் திரும்ப எண்ணினார். 1980-ல் இதற்காக அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. 1984-ல் பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரையாக முடிவுகள் வெளிவந்தன.

மருந்து அடிக்காத வயலில் புகையான் இருந்தது, ஆனால் அடங்கியே இருந்தது. மருந்து அடித்த வயலில்தான் பல மடங்காகப் பெருகியது. பூச்சியைக் கொல்ல அடித்த மருந்தே பூச்சியைப் பெருக்கியது என்றால் முதலில் யாருக்கும் நம்பிக்கை வராது. காரணத்தைப் பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடும்.

முதலாவது, புகையான் தன் முட்டைகளை இலையுறையின் சதைக்குள்ளே செருகி வைக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அந்த முட்டைகளை எட்டுவதில்லை. பூச்சிகளும் பயிரின் அடியில் மறைவாக இருப்பதால் மருந்து மேலே நின்றுவிடுகிறது.

இரண்டாவது, வயலில் நடமாடிக்கொண்டிருக்கும் சிலந்திகளும், புகையானின் முட்டையைக் குத்தி உறிஞ்சும் ஒரு சிறு பச்சை நாவாய்ப்பூச்சியும், தண்ணீர் மேல் ஓடி விழுந்த பூச்சிகளைப் பிடிக்கும் இன்னொரு நாவாய்ப்பூச்சியும் மருந்தில் முதலில் சாகின்றன. ஒரு வாரத்துக்குப் பிறகு முட்டை பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும்போது வயலில் அவற்றைப் பிடிக்க ஆள் இல்லை. முன்னே சொன்ன கூட்டு வட்டி அப்போதுதான் ஓடத் தொடங்குகிறது.

மூன்றாவது இன்னும் விசித்திரமானது. செல்லையா என்ற பூச்சியியல் அறிஞரும் ஹைன்ரிக்ஸ் என்பவரும் 1980-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சில மருந்துகள் சாகாமல் தப்பிய புகையானை அதிக முட்டை வைக்கத் தூண்டுகின்றன என்று காட்டினார்கள். காவல்காரனைக் கொன்றதோடு, திருடனுக்குச் சத்து மருந்தும் கொடுத்த கதை இது.

இந்தக் காவல்காரர்களில் முக்கியமானது ஓநாய்ச் சிலந்தி. இது வலை பின்னி உட்கார்ந்திருப்பதில்லை. பயிருக்கும் தண்ணீருக்கும் இடையே ஓடி ஓடி வேட்டையாடும். பெண் சிலந்தி முட்டைப் பையைத் தன்னோடு சுமந்து திரியும். பொரிந்த குஞ்சுகளையும் முதுகில் ஏற்றிக்கொள்ளும். ஒரு சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சி வரை தின்னும் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் விவசாயிகளுக்காக வெளியிட்ட கையேட்டில் கண்டிருக்கிறது. நம் ஊர் வயல்களிலும் இது சர்வ சாதாரணமாக இருப்பதுதான்.

1986 நவம்பர் உத்தரவு

ஐடா ந்யோமன் ஓகா போன்ற இந்தோனேசிய விஞ்ஞானிகள் இந்த விவரங்களை அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டு போனார்கள். 1986 நவம்பர் 5-ம் தேதி அதிபர் சுகார்த்தோ ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். நெற்பயிருக்கு 57 வகை வணிகப் பெயர் கொண்ட பூச்சி மருந்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்பது உத்தரவு. மருந்துக்கான மானியம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989 தொடக்கத்தில் முழுவதும் நிறுத்தப்பட்டது.

மருந்தை நிறுத்தினால் விளைச்சல் படுத்துவிடும் என்று பயந்தவர்கள் அங்கும் பலர் இருந்தார்கள். நடந்தது வேறு. அடுத்த சில ஆண்டுகளில் நெல்லுக்கு அடிக்கும் பூச்சி மருந்து பாதிக்கு மேல் குறைந்தது. நெல் விளைச்சல் 1986-ல் சுமார் 4 கோடி டன்னாக இருந்தது, 1990-ல் சுமார் நாலரைக் கோடி டன் ஆயிற்று. விளைச்சல் கூடியதற்கு ரகம், உரம், பாசனம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மருந்து குறைந்ததால் நெல் குறைந்துவிடவில்லை என்பது மட்டும் நிச்சயமாயிற்று. அரசாங்கத்துக்கு மானியப் பணம் மிச்சம், விவசாயிக்கு மருந்துச் செலவு மிச்சம்.

உத்தரவு மட்டும் போடாமல், 1989 முதல் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கினார்கள். ஊருக்கு இருபத்தைந்து விவசாயிகள், வாரம் ஒரு நாள், ஒரு போகம் முழுவதும். கரும்பலகைப் பாடம் கிடையாது. காலையில் வயலில் இறங்கிப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ண வேண்டும். ஒரு கூண்டில் நெற்குத்து ஒன்றை வைத்து, உள்ளே புகையானையும் சிலந்தியையும் விட்டு, மறுநாள் எத்தனை மிச்சம் என்று விவசாயியே பார்ப்பார். தன் கண்ணால் பார்த்ததை எந்த விளம்பரமும் மாற்ற முடியாது. பத்து ஆண்டுகளில் அங்கே 10 லட்சம் விவசாயிகள் இந்தப் பள்ளிகளுக்குச் சென்று வந்தார்கள். ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனத்தின் சார்பில் ஆசிய நாடுகளில் இந்த வேலையை நடத்தியவர் அதே பீட்டர் கென்மோர்தான். பிற்காலத்தில் அவர் அந்த நிறுவனத்தின் இந்தியப் பிரதிநிதியாக டில்லியிலும் பணியாற்றினார்.

காவலுக்குச் சோறு போடுவது யார்?

இங்கே வியாபாரிக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். காவல்காரன் இருக்கிறான், சரி. திருடன் வருவதற்கு முன்பு அவன் எதைத் தின்று உயிரோடு இருக்கிறான்? புகையான் பெருகுவது பயிர் வளர்ந்த பிறகு. நட்ட முதல் மாதத்தில் வயலில் அது மிகக் குறைவு. சிலந்திக்குத் தீனி இல்லையென்றால் அது பட்டினி கிடந்து சாகும், அல்லது வேறிடம் போய்விடும். பூச்சி பெருகிய பிறகு சிலந்தி வந்து பெருக வேண்டுமென்றால் காலம் கடந்துவிடும். ஆனால் ஜாவா வயல்களில் நட்ட கொஞ்ச நாளிலேயே சிலந்திகள் ஏராளமாக இருந்தன. சம்பளம் எங்கிருந்து வந்தது?

இதைக் கண்டுபிடித்தவர் வில்லியம் செட்டில் என்ற சூழலியல் அறிஞர். 1990-களின் தொடக்கத்தில் இந்தோனேசிய ஆராய்ச்சியாளர்கள் பலரோடு சேர்ந்து ஜாவாவின் நெல் வயல்களில் வேலை செய்தார். 1996-ல் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது. வயலில் கிடைத்த பூச்சி, சிலந்தி வகைகளைத் தரம் பிரித்து எண்ணினார்கள். மொத்தம் 765 வகை.

நம்மைக் கேட்டால் 765 வகைப் பூச்சியும் நெல்லைத் தின்ன வந்தவை என்று நினைப்போம். உண்மைக் கணக்கு வேறு. நெற்பயிரைப் போல் செடி தின்பவை 127 வகைதான். மற்றப் பூச்சிகளைப் பிடித்துத் தின்பவை 306 வகை. மற்றப் பூச்சிகளின் உடலிலோ முட்டையிலோ தன் முட்டையை வைத்து அவற்றை அழிக்கும் குளவி போன்றவை 187 வகை. மீதமுள்ள 145 வகை பயிரையும் தொடுவதில்லை, மற்றப் பூச்சிகளையும் தொடுவதில்லை. மக்கிய தாள், அழுகிய களை, தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி ஆகியவற்றைத் தின்று வாழ்பவை. கொசு போலவே இருந்து கடிக்காத ஈக்கள், தத்திக் குதிக்கும் பொடிப்பூச்சிகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

இந்தக் கடைசி வகைதான் விடை. உழுது, தண்ணீர் கட்டி, பழைய தாளும் களையும் சேற்றில் மக்கத் தொடங்கியதும் இவை லட்சக்கணக்கில் பெருகுகின்றன. நடவு முடிந்த தொடக்க வாரங்களில் இவையே உச்சத்தில் இருக்கின்றன. சிலந்திகளும் மற்றக் காவல்பூச்சிகளும் இவற்றைத் தின்று பெருகுகின்றன. புகையான் வந்து சேரும்போது, காவல்படை ஏற்கெனவே தின்று கொழுத்து, எண்ணிக்கையில் பெருகி, தயாராக நிற்கிறது. செட்டில் குழுவினர் சில பாத்திகளில் மக்கும் பொருளைக் கூடுதலாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மக்கு தின்னும் பூச்சிகள் கூடின, அவற்றைத் தொடர்ந்து காவல்பூச்சிகளும் கூடின. போகத்தின் தொடக்கத்தில் மருந்து அடித்துப் பார்த்தபோது காவல்பூச்சிகள் குறைந்தன, பிற்பாடு புகையான் கூடியது.

நம் பாஷையில் சொன்னால், வயலில் மக்கும் தாளும் எருவும்தான் கைமுதல். அந்த முதலிலிருந்து வரும் வரும்படியில் காவல்காரனுக்குச் சம்பளம் போகிறது. பயிரிலிருந்து ஒரு பைசா எடுப்பதில்லை. நட்ட பத்தாம் நாள் அடிக்கும் மருந்து, எதிரி வருவதற்கு முன்பே கைமுதலையும் காவலையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

அவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். பெரும்பரப்பில் எல்லாரும் ஒரே சமயத்தில் நட்டு, அறுத்தபின் நிலத்தை நீண்ட காலம் காயவிடும் பகுதிகளில் காவல்பூச்சிகள் வந்து சேரத் தாமதமாகிறது. வயல்கள் சிறிதாக, நடவு முன்பின்னாக, இடைவெளி குறைவாக உள்ள பகுதிகளில் பக்கத்து வயலிலிருந்து அவை சீக்கிரம் வந்துவிடுகின்றன. வாய்க்கால் ஓரமும் வரப்பும் அவற்றுக்குத் தங்குமிடம்.

முதல் 40 நாள்

ஜாவாவில் கண்ட இந்த உண்மையை வியட்நாமில் வேறொரு விதமாகப் பயன்படுத்தினார்கள். அங்கே மேகாங் ஆற்றுப் படுகையில் விவசாயிகள் இலைச்சுருட்டுப் புழுவைப் பார்த்ததும் மருந்து அடித்துவிடுவார்கள். இலை வெளுத்துத் தெரிவதால் கண்ணுக்கு அது பெரிய சேதமாகத் தோன்றும். இளம்பயிர் புது இலை விட்டு அதை ஈடு கட்டிக்கொள்ளும் என்பதையும், அந்த மருந்தில் காவல்பூச்சிகள் சாகும் என்பதையும் அவர்கள் அறியவில்லை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹியோங் என்ற அறிஞரும் வியட்நாம் அதிகாரிகளும் 1994 முதல் வானொலி, துண்டுப் பிரசுரம் மூலம் ஒரே ஒரு செய்தியைப் பரப்பினார்கள். விதைத்த முதல் 40 நாள் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து வேண்டாம் என்பதே அந்தச் செய்தி. போகத்துக்குச் சராசரி 3.4 தடவை அடித்துக்கொண்டிருந்தவர்கள் 1.6 தடவைக்கு வந்தார்கள்.

பாடம் மறந்தால்

பாடம் ஒரு தடவை படித்துவிட்டால் போதாது என்பதற்கும் இந்தோனேசியாவே சாட்சி. 2000-க்குப் பிறகு வயல்வெளிப் பள்ளிகள் குறைந்தன. புதுப்புது வணிகப் பெயர்களில் மருந்துகள் சந்தைக்கு வந்தன, விற்பனை பெருகியது. 2010, 2011 ஆண்டுகளில் ஜாவாவில் புகையான் மறுபடியும் பெரும் பரப்பில் பரவியது. 2011-ல் அந்த நாடு 20 லட்சம் டன்னுக்கு மேல் அரிசி இறக்குமதி செய்தது. இறக்குமதிக்குப் புகையான் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இருபத்தைந்து ஆண்டு முன்பு அணைத்த நெருப்பு அதே இடத்தில் அதே காரணத்தால் மறுபடி பற்றியது என்பதைப் பல அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நம் ஊர்க் கணக்கு

தமிழ்நாட்டிலும் இது வெறும் புத்தக விஷயம் அல்ல. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசையே பாருங்கள். சிலந்தி இல்லாத வயலில் ஒரு தூருக்கு ஒரு புகையான் என்ற கணக்கு வந்தால் மருந்து அடிக்க யோசிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரும் வரை பொறுக்கலாம். ஒரு குத்தில் 15 தூர் இருப்பதாக வைத்துக்கொண்டால், சிலந்தி இல்லாதபோது 15 பூச்சியே அபாயம், ஒரு சிலந்தி இருந்தால் 30 வரை பயமில்லை. அதாவது ஒரே ஒரு சிலந்திக்குப் பல்கலைக்கழகம் 15 பூச்சியின் மதிப்பு வைத்து வரவில் எழுதுகிறது.

வேறு சிபாரிசுகளும் உண்டு. நடவை நெருக்கக் கூடாது. எட்டு அடிக்கு ஒரு முறை ஓர் அடி இடைவெளி விட வேண்டும். தண்ணீரை எப்போதும் தேக்கி வைக்காமல் அவ்வப்போது வடிக்க வேண்டும். தழைச்சத்து உரத்தை அளவுக்கு மேல் கொட்டக் கூடாது, ஏனென்றால் பச்சைப் பசேலென்று இருக்கும் பயிரில்தான் புகையான் பெருகும். புகையானை மறுபடி பெருக்கும் செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகளைத் தவிர்க்க வேண்டும்.

மருந்தே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எண்ணிக்கை எல்லையைத் தாண்டினால், சரியான மருந்தைச் சரியான அளவில், பயிரின் அடிப்பாகத்தில் படும்படி அடிக்கத்தான் வேண்டும். எண்ணாமல் அடிப்பதுதான் தவறு. சரக்கு இருப்பைப் பார்க்காமல் ஆர்டர் போடும் கடைக்காரரை நாம் என்ன சொல்வோமோ, அதையே இதற்கும் சொல்லலாம்.

கடைக்காரர் செய்யக்கூடியது

நம்மில் சிலர் மளிகையோடு உரம், பூச்சி மருந்தும் உரிமம் பெற்று விற்கிறோம். சிலர் மருந்துக் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள். சம்சாரி வயலிலிருந்து நேராக நம்மிடம்தான் வருகிறார். இலை வெளுத்திருக்கிறது, என்ன கொடுக்கலாம் என்று கேட்கிறார். அந்த நேரத்தில் நாம் சொல்லும் ஒரு வார்த்தைக்கு மதிப்பு உண்டு.

நட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று முதலில் கேளுங்கள். குத்தைச் சாய்த்து, தட்டி, தண்ணீரில் விழுவதை எண்ணிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். சிலந்தி இருக்கிறதா என்று கேளுங்கள். எண்ணவில்லை என்றால் எண்ணிவிட்டு வரச் சொல்லுங்கள், மருந்து நாளைக்கும் கடையில் இருக்கும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை வேளாண்மை அலுவலரின் சிபாரிசுப்படி கொடுங்கள். இரண்டு மூன்று மருந்தைக் கலந்து கொடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

விற்பனை குறையுமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். தேவையில்லாத ஒரு பாட்டில் மருந்தில் நமக்கு நிற்பது சில ரூபாய் லாபம். அந்த மருந்தால் காவல் அழிந்து, புகையான் விழுந்து, வயல் கருகினால், அந்த வீட்டின் ஆறு மாத மளிகைப் பாக்கி அப்படியே நிற்கும். மருந்துப் பாக்கியும் சேர்ந்தே நிற்கும். அடுத்த போகத்துக்கு அவர் நம் கடை வாசலில் தலை காட்ட மாட்டார். கடன்காரர் கெட்டால் கடன் கொடுத்தவரும் கெட்டார் என்பது வியாபாரத்தின் பாலபாடம்.

நம் சங்கக் கிளைகள் நடவுப் பருவம் தொடங்குவதற்கு முன்பு வட்டார வேளாண்மை அலுவலரை அழைத்து ஒரு கூட்டம் போடலாம். ஊருக்கு இரண்டு சம்சாரிகளையும் கூப்பிட்டு, பக்கத்து வயலிலேயே இறங்கி எண்ணிக் காட்டச் சொல்லலாம். காப்பிச் செலவோடு முடிகிற காரியம்.

நம் கிட்டங்கிக்குக் காவல் போட்டால் மாதச் சம்பளம், தீபாவளிக்கு வேட்டி, போனஸ் எல்லாம் கொடுக்கிறோம். நெல் வயலில் எட்டுக் காலோடு இரவும் பகலும் ஓடித் திரியும் காவல்காரன் அதில் எதையும் கேட்பதில்லை. அவனைக் கொல்லாமல் விட்டு வைப்பது ஒன்றுதான் நாம் கொடுக்க வேண்டிய கூலி.